ஒன்றரை மாத ஊசி

பொலினை ஏற்பாடு செய்தவன் லூதோவிக். பிரான்சில் அவன் இருந்த ராணுவ முகாமில் ஒருவனின் மனைவிக்குப் பிரசவத்தின்போது துணைக்கு ஒரு பெண் வந்தாளாம். அவள் டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. முதல் வலியிலிருந்து கடைசிவரை கூடவே நின்றாளாம். பிள்ளை பிறந்த பிறகும் வீட்டுக்கு வந்து போனாளாம். அப்படி ஒருத்தி புதுச்சேரியில் கிடைப்பாளா என்று ஒரு வாரம் போனிலேயே தேடி, அரியாங்குப்பத்தில் இருந்த பொலினைக் கண்டுபிடித்தான். அவன் மனைவி சுடர்விழிக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

கருவடிக்குப்பத்து வீட்டில் சுடர்விழியும் மாமியார் ஜோசெத்தும் மட்டும் இருந்தார்கள். கல்யாணம் முடிந்ததும் பிரான்சுக்குப் போயிருக்க வேண்டியவள். விசா பேப்பர்கள் நகர்ந்துகொண்டிருந்த நேரத்தில் கர்ப்பம் தரித்தது, மூன்றாம் மாதம் ரத்தம் பட்டது, பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தாய்வீட்டுக்கும் போக வழியில்லை. நெல்லித்தோப்பில் அப்பா இராமதாஸ் தனியாக இருந்தார். அம்மா வீராயி சிறுநீரகம் கெட்டு இறந்து நான்கு வருடமாகிறது. வேலை பார்த்த மில் மூடிய பிறகு இராமதாஸ் ஒரு ஏடிஎம்மில் காவல் வேலை பார்த்துவந்தார்.

வரப்போகிறவள் ஒரு டூலா என்று லூதோவிக் சொல்லியிருந்தான். பொலின் முதல் முறை வந்தபோது ஜோசெத்துக்கு அவள் என்ன வேலை செய்பவள் என்பது பிடிபடவில்லை.

"டூலான்னா? மருத்துவச்சியா?"

"இல்ல மதாம். மருந்து, ஊசி எதுவும் கெடையாது. அதெல்லாம் டாக்டர் பாத்துக்குவாங்க. நான் பத்து வருஷம் பிரசவ வார்டுல நர்சா இருந்தேன். இப்ப அந்த வேலையில்ல."

"அப்ப என்னதான் பண்ணுவ?"

"கூட இருப்பேன்."

"அதுக்கு நான் இருக்கேனே."

"நீங்களும் இருங்க மதாம். நல்லதுதான்."

ஜோசெத் சமையலறைக்குப் போனாள். மகன் சொன்னான் என்பதற்காகக் காப்பி போட்டுக் கொடுத்தாள். அவளுடைய கணவரும் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்தான். அவர் போன பிறகு பென்ஷனோடும் முழங்கால் வலியோடும் அந்த வீட்டில் இருந்தாள். யாரையும் சட்டென்று வீட்டுக்குள் சேர்க்கிறவள் இல்லை. சுடர்விழியைச் சேர்த்துக்கொண்டதே மகனுடைய பிடிவாதத்தால்தான். ஜோசெத்தைப் பித்தப்பை ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போன இடத்தில், ரிசப்ஷனில் வேலை பார்த்த சுடர்விழியைப் பார்த்துவிட்டு வந்து, அவளைத்தான் கட்டுவேன் என்று நின்றான் லூதோவிக்.

பொலின் புதன்கிழமையும் சனிக்கிழமையும் ஸ்கூட்டரில் வந்தாள். பெரிய ரப்பர் பந்தின்மேல் சுடர்விழியை உட்காரவைத்து இடுப்பை அசைக்கச் சொன்னாள். வலி வரும்போது எப்படி மூச்சு விடுவது, எந்தப் பக்கம் படுப்பது, எந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தாள். பிரசவ அறையில் என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று ஒரு தாளில் எழுதச் சொன்னாள். சுடர்விழி அழகான கையெழுத்தில் எழுதினாள்.

"பயமா இருக்கா சுடர்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"இல்லக்கா."

அது உண்மைதான். பயம் இல்லை. வேறு எதுவும் பெரிதாக இல்லை என்பதைச் சுடர்விழி சொல்லவில்லை. ஸ்கேன் சென்டரில் நான்கு வருடம் இருந்தவள் அவள். திரையில் குழந்தை அசையும்போது பெண்களின் முகம் எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியும். கை வாய்க்குப் போகும், கண் நிறையும், புருஷனைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஏழாம் மாதம் அவள் வயிறு ஒரு பக்கமாகப் புடைத்து அசைந்தபோது, கட்டிலில் படுத்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு யாருடைய ஸ்கேனோ ஓடுவதுபோல இருந்தது. எல்லோருக்கும் இப்படித்தான் போலிருக்கிறது, பிறந்த பிறகு சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது பனிக்குடம் உடைந்தது. பொலின் அரை மணியில் வந்தாள். நர்சிங் ஹோமில் பொலினை உள்ளே விட ஏற்கெனவே சம்மதித்திருந்தார்கள். பகல் முழுவதும் அவள் சுடர்விழியின் பின்னால் நின்று இடுப்பெலும்பை இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திக்கொண்டிருந்தாள். வலி இல்லாத நேரங்களில் தாழ்வாரத்தில் நடத்தினாள். ஈரத்துணியால் முகம் துடைத்தாள், இளநீரை வாயில் சிறிது சிறிதாக ஊற்றினாள். வலி வந்தது, போனது. வலியை மட்டும் சுடர்விழி நன்றாக உணர்ந்தாள். பின்னால் யோசித்துப் பார்த்தபோது, அந்த நாளில் தனக்கென்று இருந்தது அது ஒன்றுதான் என்று பட்டது.

சாயங்காலம் நான்கு பத்துக்குப் பிறந்தது. பெண். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. துடைத்து அவள் மார்பின்மேல் போட்டார்கள். சூடாக, வழுவழுப்பாக, எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் 'இதைக் கொஞ்சம் பிடிங்க' என்று பையைக் கொடுத்துவிட்டு எழுந்து போவதுபோல இருந்தது. பிடித்துக்கொண்டாள். பொலின் போனை நீட்டினாள். திரையில் லூதோவிக் அழுதுகொண்டிருந்தான். எல்லோரும் தன் முகத்தைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. கையை வாய்க்குக் கொண்டுபோனாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"அழுவட்டும் விடுங்க," என்றாள் நர்ஸ் ஒருத்தி.

க்ளெமான்ஸ் என்று பெயர் வைத்தார்கள். லூதோவிக் முன்பே முடிவு செய்திருந்த பெயர்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. அதுதான் யாரும் கவனிக்காமல் போனதற்குக் காரணம். சுடர்விழி இரண்டு மணிக்கொரு முறை பால் கொடுத்தாள். எந்தப் பக்கம், எத்தனை நிமிடம் என்று போனில் குறித்துவைத்தாள். ஈரத்துணி மாற்றினாள். ஜோசெத் குளிப்பாட்டும்போது துண்டை விரித்துப் பிடித்தாள். லூதோவிக் கூப்பிட்டால் போனைக் குழந்தையின் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பார்க்க வந்த உறவுக்காரர்கள், இவ்வளவு நிதானமான தாயைப் பார்த்ததில்லை என்று ஜோசெத்திடம் சொல்லிவிட்டுப் போனார்கள். ஜோசெத்தும் முதல்முறையாக மருமகளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை மகனிடம் சொன்னாள்.

பொலின் மூன்றாம் நாள் வந்தாள், ஏழாம் நாள் வந்தாள், அப்புறம் வாரம் இருமுறை வந்தாள். மார்பு கட்டியபோது சூட்டு ஒத்தடம் கொடுத்தாள். குழந்தையின் வாயை எப்படி முழுசாகப் பிடிக்கவைப்பது என்று காட்டினாள். தையல் ஆறிவிட்டதா என்று கேட்டாள். "தூங்குறியா?" என்றால் "தூங்குறேன்க்கா." "சாப்புடுறியா?" என்றால் "சாப்புடுறேன்க்கா."

பதினெட்டாம் நாள் ஒரு தாளைக் கொடுத்தாள். கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பதற்றம் வந்ததா, அழுதாயா என்று பத்துக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில், ஒன்றில் டிக் போட வேண்டும். எதற்கு டிக் போட்டால் யாரும் மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டார்கள் என்பது படித்தவுடனே சுடர்விழிக்குத் தெரிந்தது. இரண்டு நிமிடத்தில் முடித்துக் கொடுத்தாள். பொலின் கூட்டிப் பார்த்தாள். பூஜ்யம் வந்தது. கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"பரவாயில்லியே," என்றாள்.

நாற்பத்துநான்காம் நாள் ஒன்றரை மாத ஊசி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அன்று தடுப்பூசி நாள். ஜோசெத்துக்கு முழங்கால் வீங்கியிருந்தது. பொலினுக்கு அன்று காலையிலிருந்து வேறொரு பெண்ணின் பிரசவம். "நான் போயிக்கிறேன் அத்த, என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டுச் சுடர்விழி ஆட்டோவில் போனாள்.

அங்கே இருபது பேருக்கு மேல் குழந்தையோடு உட்கார்ந்திருந்தார்கள். முறை வந்ததும் நர்சம்மா கன்னியம்மாள் க்ளெமான்சின் வாயில் சொட்டு விட்டு, கையிலும் தொடையிலும் ஊசி போட்டாள். குழந்தை வீறிட்டு அழுதது. மற்ற தாய்மார்கள் ஊசி ஏறும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டதைச் சுடர்விழி பார்த்திருந்தாள். அவள் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அரை மணி நேரம் வெளிய உக்காந்துட்டுப் போம்மா. கார்டுல எழுதிக் குடுப்பாங்க."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பால் கொடுத்தாள். குழந்தை அழுது ஓய்ந்து தூங்கிப்போனது. கை மரத்துப்போயிருந்ததால் துணியை விரித்துப் பெஞ்சின் சுவரோரமாகக் கிடத்தினாள். பேரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போய்க் கார்டை வாங்கினாள். அடுத்த ஊசி எந்தத் தேதி என்று பார்த்தாள். கார்டைப் பையில் வைத்தாள். தண்ணீர் பாட்டில், மாற்றுத் துணி, காய்ச்சல் சொட்டு மருந்து எல்லாம் இருக்கிறதா என்று சரிபார்த்தாள். எல்லாம் இருந்தது. பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டு வெளியே வந்து ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி ஏறினாள். வழியில் காற்று நன்றாக அடித்தது. ஒரு வேலை முடிந்தது என்று நினைத்தாள்.

வீட்டு வாசலில் ஜோசெத் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். சுடர்விழி இறங்குவதைப் பார்த்தாள். பிறகு ஆட்டோவின் உள்ளே பார்த்தாள்.

"புள்ள எங்க?"

சுடர்விழி பையைத் திறந்து பார்த்தாள்.

ஜோசெத் நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே போகிறவள் இல்லை. அன்று அப்படியே வந்து அதே ஆட்டோவில் ஏறினாள். காலில் செருப்பு இல்லை. கடைத்தெரு நெடுக "வேகமா போப்பா, வேகமா போ" என்று ஆட்டோக்காரரிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். சுடர்விழி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஜோசெத்தின் கை கம்பியைப் பிடித்திருந்த இடத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. தன் கையைப் பார்த்தாள். மடியில் அசையாமல் இருந்தது.

கன்னியம்மாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். குழந்தை விழித்திருந்தது. அழவில்லை.

"இங்கதாம்மா இருக்கு. ஒண்ணும் ஆவல," என்று ஜோசெத்திடம் கொடுத்தாள். பிறகு சுடர்விழியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நோட்டுல எழுதியிருக்க நம்பருக்கு நாலு தரம் அடிச்சேன் பாப்பா. நீ எடுக்கல."

போன் பையில்தான் இருந்தது. அடித்தது அவளுக்குக் கேட்கவில்லை.

"ஒடம்பு சரியில்லியா?"

"நல்லா இருக்கேன் மேடம்."

"வூட்டுக்குப் போயி யார்கிட்டயாவது சொல்லும்மா," என்றாள் கன்னியம்மாள். உள்ளே யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

திரும்பும்போது ஜோசெத் குழந்தையைத் துண்டுக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் குழந்தையோடு தன் அறைக்குள் போய்க் கதவைத் தாழ்போட்டுக்கொண்டாள். பசித்து அழும்போது மட்டும் திறந்தாள். சுடர்விழி பால் கொடுத்து முடிக்கும்வரை எதிரில் நின்றாள். முடிந்ததும் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். மறுபடியும் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது.

தாழ்ப்பாள் விழும் சத்தம் சுடர்விழிக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் அவள் முதலில் கவனித்தாள். இது சரியில்லை என்று தோன்றியது. சோற்றில் உப்பில்லை என்று தோன்றுவதுபோல, அவ்வளவுதான். போனை எடுத்துப் பொலினுக்கு அடித்தாள்.

"அக்கா, நான் கொழந்தைய ஊசி போட்ட எடத்துல வெச்சிட்டு வந்துட்டேன்."

மறுமுனையில் யாரோ பெண் வலியில் முனகுவது கேட்டது. பொலின் குரலைத் தாழ்த்தினாள்.

"இப்ப எங்க இருக்கு?"

"அத்தகிட்ட இருக்கு."

"நீ?"

"ரூம்ல இருக்கேன்."

"இங்க இன்னும் கொஞ்ச நேரத்துல முடிஞ்சிரும். நான் வர்ற வரைக்கும் வெளிய எங்கயும் போவாத. போனக் கையிலயே வெச்சிரு."

மணிக்கொரு தரம் கூப்பிட்டாள். ஐந்து மணிக்கு வந்தாள். பிரசவத்தில் நின்ற அதே சுடிதார், முடியெல்லாம் கலைந்திருந்தது. வந்தவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். சுடர்விழி நடந்ததை வரிசையாகச் சொன்னாள். எத்தனை மணிக்கு ஊசி, எத்தனை மணிக்குக் கார்டு, பையில் என்னென்ன இருந்தது என்பதுவரை.

"ஆட்டோவுல வரும்போது எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு. காத்து அடிச்சிது."

"திரும்பப் போவும்போது?"

"ஒண்ணுமே இல்லக்கா. அத்தைக்கிக் கை நடுங்குச்சு. எனக்கு நடுங்கல."

பொலின் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள்.

"ஒண்ணு நேராவே கேக்கறேன். உன்னை நீயே எதாவது பண்ணிக்கணும்னு தோணுதா? இல்ல, கொழந்தைய எதாவது பண்ணிடணும்னு?"

"இல்ல."

"நெஜமா சொல்லு."

"நெஜமாதாங்க்கா. அதுக்கெல்லாம் எதாவது தோணணுமே. எனக்கு எதுவுமே தோணல." பிறகு சொன்னாள்: "பொறந்த அன்னிக்கி நான் அழுவல. அழுவுற மாதிரி பண்ணேன். நான் அழுவறேன்னு எல்லாரும் நெனச்சாங்க. அப்புறம் தெனமும் அப்பிடியே பண்ண வேண்டியதாப் போச்சு."

இதைச் சொல்லும்போது அவள் குரல் மாறவில்லை. பொலினின் கண்தான் நிறைந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"அன்னிக்கி அந்தப் பேப்பர்ல எல்லாத்துக்கும் பூஜ்யம் போட்டியே, ஞாபகம் இருக்கா? புதுசா இந்த வேலைக்கு வர்ற பொண்ணுங்களுக்கு நான் சொல்லிக் குடுப்பேன். பூஜ்யம் போடுறவங்கள நம்பாதீங்க, பச்ச ஒடம்புக்காரி யாருக்கும் பூஜ்யம் வராதுன்னு. உன் பேப்பரப் பாத்ததும் எனக்கு அதான் ஞாபகம் வந்துச்சு. ஆனா மடிச்சு வெச்சிட்டேன். எல்லாம் நல்லா போவுதுன்னு நெனைக்கறது எனக்கு சுலபமா இருந்துச்சு. என் தப்பு அது."

"நான்தானக்கா பொய் போட்டேன்."

"நீ போடுவ. நான் பாத்திருக்கணும்."

ஜோசெத் அறைக்கதவைத் திறந்துகொண்டு வந்தாள். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. சுடர்விழியைப் பார்க்காமல் பொலினிடம் பேசினாள்.

"இவளோட அப்பாவ வரச் சொல்லு. கொஞ்ச நாளு அங்க இருக்கட்டும். புள்ள இங்க இருக்கும்."

"மதாம், உக்காருங்க."

"நான் நிக்கிறேன்."

"கொழந்தைய நீங்க வெச்சிருக்கறது சரிதான். ஒரு வாரம், பத்து நாளு நீங்களே வெச்சிக்குங்க. ஆனா அவள வெளிய நிறுத்தாதீங்க. உங்க ரூம்லயே அவளுக்கும் ஒரு பாய் போடுங்க. இப்ப அனுப்பிட்டீங்கன்னா திரும்பி வர்றதுக்கு அவளுக்குக் காரணமே இருக்காது."

"பெஞ்சுல வெச்சிட்டு வந்திருக்கா. எதோ பைய வெச்சிட்டு வர்ற மாதிரி. எவனாவது தூக்கிட்டுப் போயிருந்தா?"

"போயிருக்கலாம் மதாம். நான் இல்லன்னு சொல்லல. இது கெட்ட கொணம் இல்ல. ஒடம்பு நோவு மாதிரி இது ஒரு நோவு. நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். மாத்திரையால சரியாவற நோவு."

ஜோசெத் குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். அப்போது அவள் போன் அடித்தது. லூதோவிக். அங்கே மதியச் சாப்பாட்டு இடைவேளையில் தினமும் கூப்பிடுகிற நேரம். ஜோசெத் போனைக் கையில் வைத்துக்கொண்டு சுடர்விழியைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்த பிறகு அவளை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"ஊசி போட்டாச்சாம்மா? அழுதாளா?" என்றான் லூதோவிக்.

"போட்டாச்சு. லேசா சூடு இருக்கு. தூங்குறா."

"சுடர் எங்க?"

"அவளும் அசந்து தூங்குறா. காலையிலேர்ந்து அலைச்சல். அப்புறம் கூப்புடு."

போனை வைத்தாள். பொலின் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துப்பாக்கிய வெச்சிகிட்டு அத்தன தூரத்துல நிக்கறவன்கிட்ட இதச் சொல்லி என்னா ஆவப்போவுது?" என்றாள் ஜோசெத். பிறகு தன் அறைக்குள் போய்ப் பழைய பாயை எடுத்து உதறினாள்.

மறுநாள் மனநல மருத்துவரிடம் மூன்று பேரும் குழந்தையோடு போனார்கள். ஜோசெத் வருவதாக யாரும் எதிர்பார்க்கவில்லை. முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு காத்திருக்கும் கூடத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பெண் டாக்டர். அவர் கேட்ட கேள்விகள் கிட்டத்தட்ட அந்தத் தாளில் இருந்தவைதான். இந்த முறை சுடர்விழி உள்ளதைச் சொன்னாள்.

"அழுதுகிட்டே இருந்தாதான் மனச்சோர்வுன்னு இல்லம்மா," என்றார் டாக்டர். "ஒண்ணுமே இல்லாம இருக்கறதும் அதுதான். பால் குடுக்கறவங்க சாப்பிடக்கூடிய மாத்திரைதான் எழுதறேன். வேலை செய்ய மூணு வாரம் ஆவும். அதுவரைக்கும் கொழந்தையோட தனியா இருக்க வேணாம்."

பொலின் பத்து நாள் தினமும் வந்தாள். ஒப்புக்கொண்ட கணக்கில் அது இல்லை. யாரும் அதைப் பேசவில்லை. வந்ததும் சுடர்விழியைக் குளிக்க அனுப்புவாள். தலை துவட்டிவிடுவாள். குழந்தையைத் தான் வாங்கிக்கொண்டு அவளை இரண்டு மணி நேரம் தூங்கவைப்பாள். வெயில் இறங்கிய பிறகு தெருமுனைவரை நடத்திக் கூட்டிவருவாள். வீட்டில் ஒரே ஒரு கட்டளை போட்டிருந்தாள். பாசம் வந்துவிட்டதா என்று யாரும் சுடர்விழியிடம் கேட்கக் கூடாது.

இராமதாசுக்கும் சொல்லப்பட்டது. வேலை முடிந்து காலையில் நேராக இட்லிப் பொட்டலத்தோடு வந்துவிடுவார். ஜோசெத் வீட்டு நாற்காலியில் அதுவரை உட்கார்ந்து பழகாதவர். என்ன பேசுவது என்று தெரியாமல், காய்ந்த குழந்தைத் துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். மில்லில் இருபது வருடம் மடிப்புப் பிரிவில் இருந்தவர். ஓரம் ஓரத்தோடு பொருந்தி அடுக்கடுக்காக நின்றது. "இதையும் மடிச்சுக் குடுங்க" என்று ஜோசெத் தன் தலையணை உறைகளையும் கொண்டுவந்து வைத்தாள் ஒருநாள்.

மூன்று வாரம் ஆனது. சுடர்விழி மாத்திரை போட்டாள், பால் கொடுத்தாள், தூங்கினாள். முதலில் தூக்கம்தான் சரியானது. பிறகு பசித்தது. மற்றது எதுவும் வரவில்லை.

எழுபதாம் நாளோ என்னவோ, ஜோசெத் குழந்தையைக் குளிப்பாட்டி முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டிருந்தாள். குழந்தை இரண்டு முறை தும்மியது. ஜோசெத் இன்னும் கொஞ்சம் கொட்டினாள்.

"அவ மூக்குல போவுது," என்றாள் சுடர்விழி. "போடாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?"

சத்தம் சமையலறைவரை கேட்டிருக்கும். அப்படி ஒரு சத்தத்தில் அவள் அந்த வீட்டில் பேசியதே இல்லை. எழுந்து போய்க் குழந்தையை ஜோசெத்தின் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். கை நடுங்கியது. கோபத்தில் காது சூடாக இருந்தது. ஜோசெத் பவுடர் டப்பாவோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானத்துக்குள் அது போய்விட்டது. மறுபடியும் பழையபடி ஒன்றுமில்லாமல் இருந்தது. ஆனால் காலையில் இருந்தது என்பது அவளுக்குத் தெரியும்.

"என்னய எதுத்துப் பேசுறா," என்று ஜோசெத் அடுத்த நாள் பொலினிடம் புகார் சொன்னாள்.

"எப்பேர்ந்து மதாம்?"

"நேத்துலேர்ந்து."

"ரொம்ப நல்லது," என்றாள் பொலின்.

பாசம் என்று சொல்லும்படியாக எதுவும் ஒரு நாளில் வந்து இறங்கவில்லை. நான்காம் மாதத்தில் ஒருநாள் குழந்தையின் கழுத்து மடிப்பில் புண் இருப்பதைப் பார்த்து நாள் முழுக்கக் கவலையாக இருந்தது. இன்னொரு நாள் அவள் தெருவிலிருந்து உள்ளே நுழையும்போது குழந்தை தலையைத் திருப்பியது. பிடித்திருந்தது. அப்புறம் நான்கு நாள் எதுவும் இல்லை. அந்த நாட்களில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, பொலினுக்கு 'இன்னிக்கி இல்ல' என்று இரண்டு வார்த்தை அனுப்புவாள். 'சரி' என்று பதில் வரும். பொலின் நேரில் வருவது குறைந்திருந்தது. முத்தியால்பேட்டையில் வேறொரு பெண்ணுக்கு எட்டாம் மாதம்.

லூதோவிக் ஐந்தாம் மாதம் மூன்று வார விடுப்பில் வந்தான். வந்த நான்காம் நாள் காலையில் சமையலறையில் மீன் குழம்புக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தான். ஜோசெத் பூசைக்கு மாதா கோயிலுக்குப் போயிருந்தாள். சுடர்விழி புளியைக் கரைத்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள். பிறந்த அன்று அழாததில் தொடங்கி, ஊசி, பெஞ்சு, ஆட்டோ, தாழ்ப்பாள், மாத்திரை எல்லாவற்றையும் சொன்னாள். அவன் நடுவில் கத்தியைக் கீழே வைத்துவிட்டான்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அவங்கதான் கூட ஓடியாந்தாங்க. செருப்புகூடப் போடல."

"தெனம் பேசறேன். யாரும் ஒரு வார்த்த சொல்லல."

"சொல்லியிருந்தா என்ன பண்ணிருப்ப?"

அவன் நேர்மையானவன். அரிந்த வெங்காயத்தைத் தட்டில் ஒதுக்கினான்.

"தெரியல. பயந்திருப்பேன். கத்தியிருப்பேன்னு நெனைக்கிறேன்."

"நானும் அப்பிடித்தான் நெனச்சேன்."

அவன் பின்கதவைத் திறந்துகொண்டு கொல்லைப்புறம் போய்க் கொஞ்ச நேரம் நின்றான். அவள் கூப்பிடவில்லை. புளித்தண்ணீரை வடிகட்டினாள். அவன் திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. வெங்காயமாகவும் இருக்கலாம்.

"இப்ப இருக்கா?" என்று கேட்டான். "அவமேல."

யாரும் கேட்கக் கூடாது என்று பொலின் சொன்ன கேள்வி. அவனுக்கு அந்தக் கட்டளை தெரியாது. சுடர்விழிக்கு அதில் வருத்தம் வரவில்லை.

"சில நாளு இருக்கு. சில நாளு இல்ல. முன்ன இருந்ததுக்கு இப்ப அதிகமா இருக்கு."

"இன்னிக்கி?"

"இன்னிக்கி காலையில இருந்துச்சு."

அவன் தலையாட்டினான். அந்த மாத்திரை அங்கே என்ன பெயரில் கிடைக்கும் என்று விசாரிக்க வேண்டும், அட்டையை எடுத்து வா என்றான். அவள் கையைக் கழுவிவிட்டு எடுத்துவந்தாள். அவன் அதைப் படம் எடுத்துக்கொண்டான்.

விசா வந்த பிறகும் டாக்டர் சொல்லும்வரை பயணத்தைத் தள்ளிப்போட்டார்கள். க்ளெமான்சுக்குப் பதினோராம் மாதம் நடந்தபோது சுடர்விழியும் குழந்தையும் பிரான்சுக்குக் கிளம்பினார்கள். ஏர்போர்ட்டுக்குப் போகும் காரில் குழந்தை திண்டிவனம்வரை அழுதுகொண்டே வந்தது. சுடர்விழிக்கு எரிச்சலாகவும் பாவமாகவும் இருந்தது. கொஞ்சம் தூக்கமும் வந்தது. குழந்தையை மடியில் குப்புறப் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டே ஜன்னல் பக்கம் சாய்ந்தாள்.